பீலியில் வந்த நிறங்கள்

ரெட்டைப்பாலம் கடைவீதி,
11.2.1962

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி முத்துலிங்கம் வணங்கி எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீங்களும் மாமாவும் குழந்தை ரத்னாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று கடைவீதிப் பிள்ளையாரிடம் தினமும் சொல்லி வருகிறேன். அவருக்கும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போயிருக்கும்.

ஒரு நல்ல செய்தி. பெரியதம்பி முதலாளியின் துணிக்கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த உங்கள் தம்பி இப்போது சாயப்பட்டறைக்காரன். இந்தியாவிலிருந்து சேலை வருவது நின்றுபோன மாதிரிதான். எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. முதலாளி சும்மா இருப்பாரா? கொழும்பிலிருந்து வெள்ளைத் துணியை லொறியில் கொண்டுவந்து இங்கேயே சாயம் போட்டு விற்பது என்று முடிவு செய்து, கடைக்குப் பின்னால் ஓடைக்கரையில் தகரக் கொட்டகை போட்டுவிட்டார். நாலு தொட்டி, ஒரு பெரிய செப்பு அண்டா. முதலில் சோடாக்காரம் போட்டுத் துணியை அவிக்க வேண்டும். பிறகு சாயத்தில் முக்கிக் கம்பால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தொழில் சொல்லிக்கொடுக்க மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து இருந்துவிட்டுப் போனார். நான் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன் என்று அவரே முதலாளியிடம் சொன்னார். இதை நானே எழுதுவது சரியில்லைதான், ஆனால் நான் எழுதாவிட்டால் உங்களுக்கு யார் எழுதுவார்கள்?

வேலையில் எனக்குப் பிடித்தது மாலையில் மதகைத் திறப்பது. நாலு தொட்டித் தண்ணீரும் நாலு நிறத்தில் ஓடையில் போய் விழும். ஓடை ஒரே மடக்கில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விடும். "அது எங்க போகுதுங்க முதலாளி?" என்று கேட்டேன். "கீழ போகுது. பின்ன, தண்ணி மேலயா போகும்?" என்றார். அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

மாமாவுக்கு என் வணக்கம். ரத்னாவுக்கு முத்தம்.

தங்கள் அன்புத் தம்பி,
முத்துலிங்கம்


டன்மோர் தோட்டம், கீழ்க்கணக்கு,
பொகவந்தலாவை.
8.4.1962

அன்புத் தம்பி முத்துலிங்கத்துக்கு,

அக்காள் ஆசி கூறி எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று பகல்கனவு காணாதே. உன்னை எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை லயத்து வீடுகள் முழுக்க வாசித்துக் காட்டிவிட்டேன். நம் வீட்டில் விடிகாலைப் பெரட்டுக்குப் போய்த் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்காமல் பிழைக்கிற முதல் ஆள் நீதான். றொசல்லத் தோட்டத்தில் அம்மா இறந்துபோன பிறகு, உன்னைப் பிள்ளைக் காம்பிரா ஆயாவிடம் அழ அழ விட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு ஓடியவள் நான். அந்த அழுமூஞ்சிப் பயல் இன்றைக்குச் சாயப்பட்டறைக்காரன் என்று நினைத்தால் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கே திருவிழா நல்லபடியாக முடிந்தது. கரகம் பாலித்து, காவடி எடுத்து, கடைசி நாள் மஞ்சள் நீராட்டும் ஆயிற்று. வேடிக்கை அதற்கு மறுநாள்தான். விடியற்காலையில் தண்ணீர் பிடிக்கப் போன பக்கத்துக் காம்பிரா ராக்காயி சின்னம்மா பீலிக்கரையிலிருந்து கூப்பாடு போட்டாள். "ஏ நாகு, ஓடியாடி. ஆத்தா வந்திருக்கா." போய்ப் பார்த்தால், சில வாரமாகக் கொஞ்சம் கலங்கலாக வந்துகொண்டிருந்த பீலித் தண்ணீர் மஞ்சளாகக் கொட்டுகிறது. காட்டுப் பள்ளத்தில் இறங்கி வருகிற ஓடையைத்தானே குழாய் போட்டு எங்கள் லயத்துப் பீலிக்குத் திருப்பியிருக்கிறார்கள்? மேல்மலைத் தோட்டத்தில் முந்தின நாள் மஞ்சள் நீராட்டு, அந்தத் தண்ணீர்தான் அம்மன் அருளால் நம்மைத் தேடி வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டோம்.

பிறகு கேட்பானேன். லயமே திரண்டு வந்து முழுகியது. சொம்பில் பிடித்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். ரத்னாவையும் குளிரக் குளிர முழுக்காட்டினேன். இரண்டு நாள் கழித்து எல்லோருக்கும் ஒரே அரிப்பு. ராக்காயி சின்னம்மாவின் நரைமுடி இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது, சீயக்காய்க்கும் அசையவில்லை. மேல்மலைக்காரர்கள் ஆத்தாளுக்கே கலப்பட மஞ்சள் கரைக்கிறார்கள் என்று உன் மாமா திட்டிக்கொண்டிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அக்காள்,
நாகலெட்சுமி


ரெட்டைப்பாலம்,
6.5.1962

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் சுகம். தங்கள் எல்லோருடைய சுகத்தையும் அரிப்பு நின்றதா என்பதையும் அறிய ஆவல்.

ராக்காயி சின்னம்மாவின் தலையை நினைத்து நினைத்துச் சிரித்தேன். மேல்மலைக்காரர்கள் மஞ்சள் எங்கே வாங்குகிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். சீயக்காய்க்குப் போகாத நிறம் என்றால் எங்கள் முதலாளி மூட்டையாக வாங்கிக்கொள்வார்.

இத்துடன் கடை லொறி டிரைவர் நல்லமுத்து அண்ணனிடம் ஒரு சேலை கொடுத்தனுப்புகிறேன். ரோஸ் நிறம். வெள்ளைத் துணியாக வாங்கி நானே அவித்து, நானே தோய்த்து, நானே உலர்த்தியது. என் கையால் முழுதாகச் செய்த முதல் சேலை உங்களுக்குத்தான் என்று வைத்திருந்தேன். இந்த வாரம் பட்டறை முழுக்க ரோஸ்தான், எனக்கு நகக்கண்ணெல்லாம் ரோஸ். அதைக் கட்டிக்கொண்டு மாமாவோடு ஒருநாள் இங்கே வாருங்கள். பொகவந்தலாவைக்கு வந்து பஸ் மாறி, மலையைச் சுற்றிக்கொண்டு வர ஒரு பகல் போய்விடும் என்பது தெரியும். இருந்தாலும் வாருங்கள். என் அக்காள் இவர்தான் என்று முதலாளியிடம் காட்ட வேண்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
முத்துலிங்கம்


டன்மோர் தோட்டம்,
24.6.1962

அன்புத் தம்பிக்கு,

அக்காள் எழுதுவது. சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடு.

சேலை வந்தது. நல்ல நிறம். சாயம் நன்றாக ஒட்டியிருக்கிறது, ஓடையில் அலசிப் பார்த்தேன், ஒரு துளி போகவில்லை. பெட்டியில் வைத்திருக்கிறேன். இப்போது வர வசதிப்படாது. ரத்னாவுக்கு உடம்பில் சிரங்கு, டிஸ்பென்சரியில் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். கவலைப்பட ஒன்றுமில்லை.

உங்கள் கொட்டகைப் பக்கத்து ஓடை எந்தப் பக்கமாக இறங்குகிறது? சும்மாதான் கேட்டேன்.

மழை தொடங்கிவிட்டது. தலையை நனையவிடாதே.

நாகலெட்சுமி


ரெட்டைப்பாலம்,
15.7.1962

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் சுகம். அங்கு எல்லோரும் சுகமா? குறிப்பாக ரத்னாவின் சிரங்கு ஆறியதா?

உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் இன்னொரு தாள் உள்ளே இருக்கும் என்று உறையைக் கிழித்துப் பார்த்தேன். இல்லை. ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பேசுகிற என் அக்காளுக்கு எனக்கு எழுத இவ்வளவுதான் இருந்ததா? சேலை பிடிக்கவில்லையென்றால் சொல்லிவிடுங்கள், பச்சையில் ஒன்று தோய்த்து அனுப்புகிறேன்.

ஓடை கிழக்கே வளைந்து சிங்களக் கிராமத்துப் பக்கம் போவதாகத் தொட்டி வேலைக்காரர்கள் சொல்கிறார்கள். உங்கள் தோட்டம் மலைக்கு அந்தப்புறம். இந்த ஓடைக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை. எதற்குக் கேட்டீர்கள்?

என்னைப் பட்டறை மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள். தீபாவளிக்கு ஏகப்பட்ட சேலை தோய்க்க வேண்டும், முதலாளி இன்னும் இரண்டு தொட்டி கட்டச் சொல்லியிருக்கிறார். இந்தச் செய்தியை முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் எழுதும்போது சந்தோஷம் வரவில்லை. நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? மாமாவுக்கு என் மேல் வருத்தமா? வெளிப்படையாக எழுதுங்கள்.

முத்துலிங்கம்


டன்மோர் தோட்டம், கீழ்க்கணக்கு,
30.9.1962

மாப்பிள்ளை முத்துலிங்கத்துக்கு,

சிவசாமி எழுதுவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் அக்காள் இரண்டரை மாதமாக உங்களுக்குப் பதில் போடாததற்குக் காரணம் கேட்டு மறுபடியும் எழுதியிருந்தீர்கள். அவள் எழுத மாட்டாள். என்னையும் எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். சத்தியத்தை மீறித்தான் இதை எழுதுகிறேன். அதற்கு மாரியம்மன் என்ன கூலி கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

திருவிழாவில் எங்கள் பீலிக்கு வந்த மஞ்சள் அம்மன் அனுப்பியதல்ல, நீங்கள் அனுப்பியது. அதன் பிறகு பச்சை வந்தது, சிவப்பு வந்தது, நீலம் வந்தது. நீங்கள் கொடுத்தனுப்பிய சேலையை நாகு ஓடையில் அலசப் போனாள். சேலையிலிருந்து சாயம் இறங்கவில்லை. தண்ணீர்தான் மேலேயிருந்தே அதே ரோஸ் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. சேலையை ஒரு கையிலும் தண்ணீரை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். ராக்காயி சின்னம்மாதான் கூட்டி வந்தாள். பஸ் ரோடுதான் மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது மாப்பிள்ளை. தண்ணீர் நேரே பள்ளத்தில் குதித்து இங்கே வந்துவிடுகிறது.

ரத்னாவின் உடம்பில் சிரங்கு இல்லாத இடம் இல்லை. லயத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான். பெண்கள் மேட்டு ஊற்றுக்கு ஏறிப் போய்க் குடத்தில் கொண்டுவருகிறார்கள். அதனால் பெரட்டுக்குப் பிந்திப் போய், கணக்கப்பிள்ளை விரட்டிவிடுகிறார். வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் சொன்னோம். தோட்டத் துரை உங்கள் முதலாளிக்குக் காகிதம் போட்டதாகக் கேள்வி. ஒன்றும் நடக்கவில்லை.

நான் சண்டை போட்டபோது உங்கள் அக்காள் என்னிடம் சொன்னது இதுதான்: "அவன் இப்பத்தான் தலையெடுக்கிறான். விசயம் தெரிஞ்சா மறுநாளே வேலைய விட்டுட்டு வந்து நிப்பான். மறுபடி அவன் இந்த லயத்துக்கு வரக்கூடாதுங்க." இவ்வளவுதான். ஒருமுறை வந்து பாருங்கள்.

சிவசாமி


ரெட்டைப்பாலம்,
14.10.1962

அக்காவுக்கும் மாமாவுக்கும்,

வணக்கம். சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

மாமாவின் கடிதம் கிடைத்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறவில்லை. மதகடியில் தொடங்கி, ஓடையோடு இறங்கினேன். மாமா எழுதியது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இறங்கினேன். கிழக்கே வளையும் என்றார்களே, அது ஒரு பாறையைச் சுற்றும் வளைவுதான். அதைத் தாண்டியதும் தண்ணீர் நேரே உங்கள் பக்கம் திரும்பிவிட்டது. வழி நெடுகக் கல்லெல்லாம் கருநீலம். வேர் தொங்குகிற இடமெல்லாம் சிவப்பு. பாதி வழியில் பள்ளத்தை அடைத்துக்கொண்டு பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைத் தூரும் முள்முருங்கைக் கட்டையும் மலையாகக் குவிந்து கிடந்தன. எல்லாம் உளுத்து வெள்ளைப் பூசணம் பூத்து ஒரே காளான் வாடை. அதன் மேல் ஏறித்தான் இறங்க வேண்டியிருந்தது.

பீலிக்கரைக்கு வந்தேன். பிள்ளைகள் சிலர் ஓரத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ரத்னா என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன் அக்கா. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்குள் வராமலே திரும்பிவிட்டேன். ராக்காயி சின்னம்மா பின்னாலேயே வந்து, "டேய், ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போடா" என்று கூப்பிட்டாள். எந்தத் தண்ணீரில் போட்டது என்று கேட்க வாய் வராமல் நடந்துவிட்டேன்.

மாதம் முடிந்ததும் வேலையை விடுகிறேன். அங்கேயே வந்து பேர் பதிந்துகொள்கிறேன்.

முத்துலிங்கம்


டன்மோர் தோட்டம்,
21.10.1962

அன்புத் தம்பி முத்துலிங்கத்துக்கு,

அக்காள் ஆசியுடன் எழுதுவது. நாங்கள் நலம். நீ நலமில்லை என்று தெரியும். அதனால் இந்தமுறை கேட்கவில்லை.

வீட்டு வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போனாயே, அதை நான் மன்னிக்கப் போவதில்லை. மற்றதைப் பேசலாம். உன் மாமாவிடம் மூன்று நாளாக நான் பேசவில்லை. ஆனால் அவர் எழுதியதும் நல்லதுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவரிடம் சொல்லிவிடாதே.

எனக்குக் கோபம் இருந்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். பிள்ளைக்குக் களிம்பு போடும்போதெல்லாம் உன்னை மனத்துக்குள் வைதிருக்கிறேன். அடுத்த நிமிஷம் நீ மேஸ்திரி ஆனதை நினைத்துச் சந்தோஷப்பட்டும் இருக்கிறேன். இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதாமலே இருந்துவிட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ வேலையை விடக்கூடாது. என் பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை. நீ விட்டால் முதலாளி கொட்டகையைப் பூட்டிவிடுவாரா? வேறு ஒருவன் வருவான். அவனுக்கு ரத்னா யாரென்று தெரியாது. அவன் பாட்டுக்கு மதகைத் திறப்பான். திறக்கிற கை உன் கையாக இருப்பதுதான் எங்களுக்கு நல்லது. அங்கே இருந்து ஏதாவது வழி பண்ணு.

நீ ஏறி மிதித்து வந்த கட்டைக் குவியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் மறுநடவுக்காகப் பிடுங்கி உருட்டிவிட்டது அது. ஓடையிலிருந்து ஒரு கிளை பிரிந்து அந்தக் குவியலுக்குள் புகுந்து, மெதுவாக ஊறி, அடியில் ஒரு குட்டையாக நிற்கிறது. நாங்கள் இப்போது துணி துவைப்பது அங்கேதான். மேலே இரத்தச் சிவப்பாக ஓடுகிற நாளிலும் அந்தக் குட்டையில் நிறம் இருப்பதில்லை. எதிர்க் காம்பிரா மீனம்மா அங்கே நாகம் குடியிருக்கிறது, அதுதான் விஷத்தைக் குடிக்கிறது என்று பால் ஊற்றுகிறாள். நான் கட்டையைப் புரட்டிப் பார்த்தேன். பூசணம் பிடிக்காத கட்டையில் சாயம் அப்படியே ஏறிக் கிடக்கிறது. தோசை மாவு காய்ந்த மாதிரி வெள்ளையாகப் பூசணம் அப்பிய கட்டையில் சாயமே இல்லை. எனக்கு நாகத்தின் மேல் நம்பிக்கை குறைவு. நீ சாயத்தோடு பழகுகிறவன், பார்த்துச் சொல்.

இந்தமுறை வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

உன் அக்காள்,
நாகலெட்சுமி


ரெட்டைப்பாலம்,
6.1.1963

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் சுகம். மாமா சுகமா, அவரிடம் பேசத் தொடங்கிவிட்டீர்களா? தீபாவளிக்கு வந்தபோது ரத்னா என் மடியில் தூங்கியதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நீங்கள் காட்டிய குட்டையிலிருந்து இரண்டு கட்டையைத் தூக்கி வந்தேன் அல்லவா, அதை ஒரு பீப்பாயில் போட்டு, அண்டாவில் துணி அவித்த தண்ணீரை அப்படியே கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். மறுநாள் பூசணம் கரைந்து, பிணவாடை அடித்தது. முதலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். "இது சாயப்பட்டறையா, காளான் கடையாடா?" என்றார். எனக்கு அழுகை வராத குறை.

பிறகு யோசித்தேன். உங்கள் பள்ளத்துக்கு வந்து சேரும்போது தண்ணீர் ஆறியிருக்கும், காரமும் குறைந்திருக்கும். இரண்டாவது கட்டையை வேறு பீப்பாயில் போட்டு, சோடா கலக்காத சிவப்புத் தண்ணீரை நன்றாக ஆறவைத்து ஊற்றி, மூடிவைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ஒரு வாரத்தில் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. அடுத்த வாரம் பீப்பாயின் அடி தெரிந்தது. அக்கா, நான் அந்தப் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பூசணம் கட்டை முழுக்கப் படர்ந்து கொழுத்திருந்தது. நாம் விஷம் என்று ஒதுக்குகிறதை அது சோறு மாதிரி தின்கிறது.

முன்னும் பின்னும் இரண்டு போத்தலில் பிடித்து முதலாளியிடம் கொண்டுபோய் வைத்தேன். என் அக்காள் மகள் கதையையும் சொன்னேன். "இத ஏன்டா முன்னாலேயே சொல்லல?" என்றார். எனக்கே தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால்தான் தெரிந்தது, ஒரு வழியோடு வரலாமென்று பொறுத்தேன் என்றேன். துரை போட்ட காகிதம் அவருக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கொட்டகைக்குக் கீழே தரிசாகக் கிடக்கிற இடத்தில் பள்ளம் வெட்டிக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார். வேலை நேரத்தில் வெட்டக்கூடாதாம். இப்போது அந்த இரண்டு போத்தலையும் கடை மேசையில் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

சோடாத் தண்ணீரைத் தனியாகத் தேக்கி, மறுபடி துணி அவிக்கவே எடுத்துக்கொள்ளப் போகிறோம். சாயத் தண்ணீர் ஒரு பள்ளத்தில் ஆறி, அடுத்தடுத்த பள்ளங்களில் கட்டைகளுக்கு நடுவே ஊறிப் போகும். கட்டை இங்கேயும் கிடைக்கும். ஆனால் உங்கள் பள்ளத்துப் பூசணம் இங்கே இல்லை. அது எனக்கு நிறைய வேண்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
முத்துலிங்கம்


டன்மோர் தோட்டம்,
3.2.1963

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். எல்லோரும் சுகம். மாமாவிடம் பேசுகிறேன், தேவைக்கு மட்டும்.

நல்லமுத்து அண்ணன் லொறியில் வருவதைக் கவனமாக இறக்கிக்கொள். ஊரில் தம்பிமார் அக்காளுக்குச் சீர் கொண்டுவருவார்கள். உனக்கு அக்காள் வீட்டிலிருந்து சீர் வருகிறது, பதினெட்டுச் சாக்கு உளுத்த கட்டை. ஈரச் சாக்கு போட்டு மூடியிருக்கிறோம். வெயிலில் வைத்துவிடாதே.

இதைச் சேர்த்த கதையைக் கேள். சனிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்ததும் ராக்காயி சின்னம்மா வெறுங்கூடையோடு பள்ளத்தில் இறங்கினாள். பின்னாலேயே மீனம்மா. கடைசியில் எங்கள் லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் கொழுந்துக் கூடையில் கட்டையை நிரப்பிக்கொண்டு வரிசையாக ஏறி வந்தோம். எதிரே கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். "என்ன இது, இனிமே தேயிலை ஸ்டோருக்குக் கட்டைதான் நிறுக்கப் போறீங்களா?" என்றார். "இல்லீங்க, மகனுக்கு மருந்து அனுப்புறோம்" என்று ராக்காயி சின்னம்மா சொல்லிவிட்டு நடந்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். நாகம் இருந்த இடத்தைக் கலைக்கிறோம் என்று மீனம்மா மட்டும் ஒவ்வொரு கட்டைக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மழையில்லாத காலம். பீலியில் நிறம் இப்போது கெட்டியாக வருகிறது. உன்னை அவசரப்படுத்தவில்லை. ஆனால் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதே.

நாகலெட்சுமி


ரெட்டைப்பாலம்,
10.3.1963

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் சுகம். கையெல்லாம் கொப்புளம், மண்வெட்டிக் கொப்புளம்தான். ரத்னாவுக்கு எப்படி இருக்கிறது?

பள்ளங்கள் முடிந்துவிட்டன. கட்டை போட்டு, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பூசணத்தைப் பழக்கினேன். வியாழக்கிழமை மாலைதான் முழுத் தண்ணீரையும் விட்டேன். சித்திரை வருஷப்பிறப்புக்காக அன்றைக்குத் தோய்த்தது எல்லாம் கடுஞ்சிவப்பு. இதுவரை இவ்வளவு சிவப்பு நாங்கள் போட்டதில்லை. முதலாளி பக்கத்தில் நின்று, "தொறடா, பயப்படாத" என்றார். கடைசிப் பள்ளத்திலிருந்து ஓடைக்கு இறங்கியபோது தண்ணீர் என் கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனால் இந்த விஷயத்தில் என் கண்ணை நான் நம்புவதாக இல்லை. தெளிய வேண்டும் என்று ஆசைப்படுகிற கண் அது. நீலம் இன்னும் முரண்டு பிடிக்கிறது, அதற்கு நாள் கூடுதலாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை உங்கள் பீலியில் என்ன நிறம் வந்தது? எனக்காகப் பார்த்து எழுத வேண்டாம். உள்ளதை எழுதுங்கள். இந்தமுறையும் மறைத்தீர்களென்றால் நான் தாங்க மாட்டேன்.

முத்துலிங்கம்


டன்மோர் தோட்டம், கீழ்க்கணக்கு,
17.3.1963

அன்புத் தம்பி முத்துலிங்கத்துக்கு,

அக்காள் மனம் நிறைந்து எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். இந்தமுறை அதை நிஜமாகவே எழுதுகிறேன்.

உள்ளதைக் கேட்டாய். நீ முழுத் தண்ணீரையும் விடப்போகிற நாளை நல்லமுத்து அண்ணன் முன்னாலேயே சொல்லியிருந்தார், அதனால் வெள்ளிக்கிழமை விடியும்போதே நாங்கள் பீலிக்கரையில் நின்றோம். ராக்காயி சின்னம்மா தன் வெள்ளைப் பீங்கான் கோப்பையைக் கொண்டுவந்து பிடித்தாள். ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தோம். கோப்பையின் அடியில் இருக்கிற பூப்படம் அப்படியே தெரிந்தது. கண் பட்டுவிடுமோ என்று சின்னம்மா கோப்பையை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். சனிக்கிழமையும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை மட்டும் லேசாக நீலம் ஓடி, மத்தியானத்துக்குள் நின்றுவிட்டது. அதையும் எழுதிவிட்டேன். நீலத்தை நீ பார்த்துக்கொள்.

குடிக்க இன்னும் மேட்டு ஊற்றுத் தண்ணீர்தான். நிறம் போனால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், சோதித்துப் பார்க்கும்வரை பொறுங்கள் என்று டிஸ்பென்சரி ஐயா சொல்லியிருக்கிறார். பொறுக்கிறோம். துவைப்பதும் மாடு குடிப்பதும் பாத்திரம் கழுவுவதும் பீலியில். ரத்னாவை ஊற்றுத் தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறேன். முதுகில் ஆறி, புதுத்தோல் வந்துவிட்டது. கையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பீலிக்கரையில் ஒரே சத்தம். நான் பதறிப்போய் ஓடினேன், மறுபடி ஏதோ நிறம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். போனால் மீனம்மாவும் ராக்காயி சின்னம்மாவும் குடுமிப்பிடிச் சண்டை. "நான் விடியிறதுக்கு முன்னாலேயே வாளி வச்சேன்டி" என்கிறாள் ஒருத்தி. "வாளிய வச்சிட்டுத் தூங்கப் போனா அது வரிசையா?" என்கிறாள் மற்றவள். இரண்டு பேர் பரம்பரையும் சந்திக்கு வந்துவிட்டது. தம்பி, ஒரு வருஷமாக எங்கள் பீலியில் சண்டையே கிடையாது. முந்திப் பிடிக்க யாருக்கும் ஒன்றும் இல்லை. குடத்தோடு வந்து, பார்த்து, தலையைக் குனிந்துகொண்டு மேட்டுக்கு ஏறிப் போய்விடுவோம். இன்றைக்கு அவர்கள் வைதுகொண்டதைக் கேட்டுக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் மாமா என்ன ஏது என்று கேட்டார். நன்றாகவே பேசினேன்.

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் வாசலிலிருந்து பார்த்தால் பீலிக்கரை தெரிகிறது. வரிசையில் மூன்றாவதாக நான் வைத்துவிட்டு வந்த வாளியை யாரோ பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

உன் அக்காள்,
நாகலெட்சுமி